ஞாபகமில்லாத எஞ்சின்

(திருவொற்றியூரில் மாணவர்களும் ஆலைத் தொழிலாளர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வீடியோ கேமும் எஞ்சின் தேய்மானமும்" என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். பின்வரிசையில் இருக்கும் பையன்கள் முதல் பாதிக்காக வந்திருக்கிறீர்கள். முன்வரிசைப் பெரியவர்கள் இரண்டாம் பாதிக்காக. பாதி நேரம் ஒரு தரப்பு தூங்கிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு நடக்காது, ஏனென்றால் இரண்டையும் கலந்துதான் பேசப்போகிறேன்.

இந்தப் பேச்சை அண்ணா நகரிலோ அடையாறிலோ பேசியிருந்தால் அது கேம் பற்றிய பேச்சாக மட்டும் இருந்திருக்கும். இங்கே அப்படிப் பேச முடியாது. 1946இல் மாம்மன் மாப்பிள்ளை ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினாரே, இன்று எம்.ஆர்.எஃப் என்று பந்தயக் கார்களுக்கு டயர் போடுகிறதே, அந்தக் கொட்டகை இருந்தது இந்தத் திருவொற்றியூரில். 1948இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், ஆஸ்டின் கார்களைப் பூட்டிக் கொடுத்துவிட்டு, 1955இல் அசோக் லேலண்ட் ஆகி லாரிக்கு மாறியது எண்ணூரில். அதே 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெடிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை உருவாக்கின. அவர்களுடைய புல்லட் மோட்டார் சைக்கிள் பிறந்த ஊரில் அதன் கம்பெனி மூடிப்போன பிறகும் இங்கே அது ஓடிக்கொண்டிருந்தது. வடமேற்கே செங்குன்றத்தைத் தாண்டினால் சோழவரம். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பல ஆண்டு பந்தயம் நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் வந்த பிறகுதான் சோழவரம் அமைதியானது.

ஆக, எஞ்சினை வார்க்கிறவர்கள், பூட்டுகிறவர்கள், ஓட்டுகிறவர்கள், முறுக்கிக் கெடுக்கிறவர்கள், கெட்டதை இறக்கிச் சரிசெய்கிறவர்கள் எல்லோரும் இந்தச் சுற்றுவட்டாரத்துக்குள்ளேயே இருந்த இடம் இது. இப்படிப்பட்ட ஊரில் ஒரு பையன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சிவப்புக் கோட்டில் முள்ளை வைத்து மூன்று நிமிடம் அடிக்கிறான், எஞ்சினுக்கு ஒன்றுமே ஆகவில்லை. அவன் அப்பாவோ ஆயுள் முழுக்கப் பிஸ்டன் ரிங் மாற்றியவர். அவருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

முதலில் அந்தக் கோபத்தின் நியாயத்தைப் பார்ப்போம்.

எஞ்சின் அதிக வேகத்தில் சுற்றினால் ஏன் கெடுகிறது? "சூடாகிவிடும்" என்று நம்மில் பலர் சொல்வோம். சூடு ஒரு காரணம்தான், முதல் காரணம் அதுவல்ல. பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை நின்று திரும்புகிறது. புல்லட்டின் 346 சிசி எஞ்சினில் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். வார்ப்பிரும்பு எஞ்சினுக்குப் பிறகு வந்த மாடலிலும் இதே அளவுதான். அது முழு சக்தி தருவது 5,250 சுற்றில். அப்போது பிஸ்டன் வினாடிக்கு 175 முறை நின்று திரும்புகிறது. மேல் முனையில் அதைப் பிடித்துத் திருப்புவதற்கான முடுக்கம் பூமியின் ஈர்ப்பைப் போல ஏறக்குறைய 1,700 மடங்கு. பிஸ்டனும் பின்னும் ரிங்குகளும் சேர்ந்து அரைக்கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கனெக்டிங் ராடு அந்த இடத்தில் ஏறக்குறைய 850 கிலோ எடையை இழுத்துப் பிடிக்கிறது, வினாடிக்கு 87 தடவை.

இந்த இழுவிசை சுற்று வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். இந்த வாக்கியத்தை மட்டும் மாணவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். 5,250 இருக்க வேண்டிய இடத்தில் 7,000 ஆனால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது. விசை 78 சதவீதம் கூடிவிட்டது. இருமடங்கு வேகமானால் நான்கு மடங்கு விசை. சிவப்புக் கோடு என்பது கம்பெனிக்காரன் பயந்து போட்ட கோடு அல்ல. அந்த ராடும், அதன் பெரிய முனையில் இருக்கிற பேரிங்கும், வால்வு ஸ்பிரிங்கும் இதற்கு மேல் கணக்கில் இல்லை என்று எழுதிக் கொடுத்த கோடு.

சிலர் கேட்பீர்கள்: ஃபார்முலா ஒன் எஞ்சின் 18,000 சுற்றில் ஓடியதே, அது எப்படி? பிஸ்டன் தூரத்தைப் பாருங்கள். அந்தக் காலத்து 2.4 லிட்டர் வி8இல் அது நாற்பது மில்லிமீட்டர்கூட இல்லை. சராசரிப் பிஸ்டன் வேகத்தைக் கணக்குப் போட்டால் வினாடிக்கு சுமார் 24 மீட்டர். நம் புல்லட் 5,250இல் 15.75 மீட்டர். அதே கம்பெனியின் 650 சிசி இரட்டைச் சிலிண்டர் வண்டி 7,000க்கு மேல் சுற்றும், ஆனால் அதன் பிஸ்டன் தூரம் 67.8 மில்லிமீட்டர்தான், அதனால் அங்கேயும் சுமார் 16 மீட்டர். காதுக்கு இரண்டும் வேறு வேறு வண்டி, பிஸ்டனுக்கு ஏறக்குறைய ஒரே வண்டி. பெரிய சரக்குக் கப்பலின் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் இரண்டரை மீட்டர் தூரம் போய்வரும், நிமிடத்துக்கு 102 சுற்று, அதாவது எட்டரை மீட்டர். அது வருஷக்கணக்கில் ஓடும். 24 மீட்டரில் ஓடியது சில பந்தயங்களோடு கழற்றப்படும். ஆயுளும் வேகமும் எங்கே விலை பேசிக்கொள்கின்றன என்பது இந்த எண்களில் இருக்கிறது.

நம் வட்டாரத்தின் பெரிய எந்திரங்களைப் பார்த்தால், அவற்றில் எதுவும் சுற்று வேகத்தை மனிதனின் நல்லெண்ணத்துக்கு விட்டதில்லை. வடசென்னை அனல்மின் நிலையத்து டர்பைன் 3,000 சுற்றில் ஓட வேண்டும், ஏனென்றால் நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். திடீரென்று கிரிட்டிலிருந்து கழன்றுவிட்டால் சுமை போய்விடும், நீராவியோ வந்துகொண்டேயிருக்கும், டர்பைன் பறக்கப் பார்க்கும். பத்து சதவீதம் கூடினால், அதாவது 3,300 வாக்கில், நீராவியை அடைத்து டர்பைனை நிறுத்திவிடும் ஏற்பாடு உண்டு. பழைய டர்பைன்களில் அது தண்டுக்குள் இருக்கும் ஒரு போல்ட். வேகம் எல்லை மீறினால் மையவிலக்கு விசையில் அதுவே வெளியே எட்டிப்பார்த்து லீவரைத் தட்டிவிடும். எந்தக் கணினியும் வேண்டாம். ஜேம்ஸ் வாட் 1788இல் நீராவி எஞ்சினுக்கு வைத்த சுழலும் குண்டுகளின் பேரப்பிள்ளை அது.

காசிமேட்டு விசைப்படகில் போனவர்களுக்கு இன்னொன்று தெரியும். அலையில் படகின் பின்புறம் தூக்கிக்கொண்டால் விசிறி தண்ணீருக்கு மேலே வந்துவிடும். சுமையில்லை. எஞ்சின் ஒரு கணம் அலறும். பம்பில் இருக்கும் கவர்னர் என்ற வேகக் கட்டுப்பாட்டுக் கருவி டீசலைக் குறைத்துப் பிடித்துவிடும், மறுபடி விசிறி தண்ணீரில் முங்கும். ஒரு நாள் கடலுக்குப் போய்வந்தால் இது எத்தனை முறை நடக்குமோ! கவர்னர் இல்லாவிட்டால் அந்த எஞ்சின் ஒரு பருவம்கூடத் தாங்காது.

ஆனால் கவர்னருக்கும், இன்றைய பெட்ரோல் வண்டிகளில் இருக்கும் ரெவ் லிமிட்டருக்கும் ஒரு கையாலாகாத இடம் இருக்கிறது. அவை எரிபொருளை நிறுத்தலாம், தீப்பொறியை நிறுத்தலாம். சக்கரத்தை நிறுத்த முடியாது. வண்டி வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போது தப்பான கியரைப் போட்டு கிளட்சை விட்டால், எஞ்சின் சக்கரத்தை ஓட்டுவதில்லை, சக்கரம் எஞ்சினை ஓட்டுகிறது. திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவுகளில் சரக்கேற்றிய லாரியை இறக்கியவர்களைக் கேளுங்கள். டீசல் ஒரு சொட்டுகூடப் போகாமலே எஞ்சின் எல்லை தாண்டும்.

பழைய புல்லட் இதற்கு ஒரு தனிப் பாடம். கியர் வலதுகாலில். முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும், மற்ற மூன்றுக்கும் கீழே அழுத்த வேண்டும். மற்ற பல வண்டிகளில் இதற்கு நேர் தலைகீழ். வேறு வண்டி ஓட்டிப் பழகிய ஒருவன் புல்லட்டில் ஏறி, மூன்றாவது கியரில் நன்றாக முறுக்கிவிட்டு நான்காவதுக்குப் போகலாம் என்று காலால் தூக்கினால் விழுவது இரண்டாவது. 5,000 சுற்றில் இருந்த எஞ்சினைச் சக்கரம் அப்படியே 7,000க்குத் தள்ளும் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஆக்ஸிலேட்டர் மூடியிருக்கிறது. இது இன்னும் மோசம். எரியும் வாயுவின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே அமுக்கி, மேலே பறக்கப் பார்க்கும் பிஸ்டனுக்கு எதிர்த்தாங்கல் கொடுக்கும். மூடிய ஆக்ஸிலேட்டரில் அந்த ஆதரவு இல்லை. உள்ளே வெற்றிடம் வேறு பிஸ்டனை மேலே இழுக்கிறது. முழு இழுவையும் ராடின் தலையில். புஷ் ராடு வைத்த எஞ்சின் ஆனதால் வால்வு ஸ்பிரிங் கேம் ஷாஃப்டைத் தொடர முடியாமல் வால்வு மிதக்கும். மிதக்கிற வால்வைப் பிஸ்டன் தட்டினால் மெக்கானிக்குக்கு ஒரு வாரத்து வேலை. வார்ப்பிரும்பு புல்லட்டின் பெரிய முனையில் இருந்தது மிதக்கும் புஷ். எண்ணெய் சரியாக வரும்வரை நல்ல பிள்ளை. எண்ணெய் குறைந்த நிலையில் முறுக்கினால் ராடு அடிக்கத் தொடங்கிவிடும்.

இப்போது கேமுக்கு வருவோம். இங்கே ஒரு தலைமுறை, ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ரோட் ராஷ் ஆடியது. 1991இல் முதன்முதலில் வந்த விளையாட்டு. அதிலும் வண்டி சேதமாகும், ரிப்பேருக்குக் காசு பிடிப்பார்கள். ஆனால் சேதம் மோதியதால் வருவது. எஞ்சினை எவ்வளவு கொன்றாலும் அது கேட்காது. அதில் தப்பில்லை. சங்கிலியால் பக்கத்து ஆளை அடித்துக்கொண்டு ஓட்டுகிற கேமில் கனெக்டிங் ராடைப் பற்றி யார் கவலைப்படுவது?

நான் பேச விரும்புவது நிஜத்தைப் போலச் செய்கிறோம் என்று மார்தட்டும் விளையாட்டுகளைப் பற்றி. அவற்றில் முதல் மரியாதை 1998இல் வெளிவந்த, பாப்பிரஸ் நிறுவனம் உருவாக்கிய கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸுக்கு. 1967ஆம் ஆண்டின் ஃபார்முலா ஒன் பந்தயங்களைக் கொண்டுவந்தது. அந்தக் கார்களில் ரெவ் லிமிட்டர் கிடையாது. வளைவுக்கு முன்னால் அவசரப்பட்டுக் கியரை இறக்கினால் எஞ்சின் வெடித்துப் புகை கக்கும். அன்றைக்கு ஆடியவர்களில் பாதிப்பேர் கேம் பழுது என்று நினைத்திருப்பார்கள். பழுது அவர்கள் காலில் இருந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவிட் கேமர், பின்னர் ஐரேசிங் என்ற பந்தய விளையாட்டைத் தொடங்கியவர்களிலும் ஒருவர். அங்கேயும் தப்பான கியரிறக்கத்துக்கு எஞ்சின் பலியாகும்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு விளையாட்டுகள் எஞ்சின் சாவை எப்படி எழுதி வைத்திருக்கின்றன என்று பார்ப்பது சுவாரசியம். எழுதி வைத்திருக்கின்றன என்று சொல்வது சும்மா இல்லை. இரண்டிலும் அது ஓர் எழுத்துக் கோப்பு.

இத்தாலியின் குனோஸ் நிறுவனம் 2014இல் வெளியிட்ட அசெட்டோ கோர்சாவில் எஞ்சினுக்கு ஆயிரம் என்று ஒரு உயிர் உண்டு. சுற்று வேகத்துக்குக் கோப்பில் இரண்டு எண்கள்: எந்தச் சுற்றைத் தாண்டினால் சேதம் தொடங்கும் என்பது ஒன்று. தாண்டிய ஒவ்வொரு சுற்றுக்கும் வினாடிக்கு எவ்வளவு உயிர் குறைய வேண்டும் என்பது இன்னொன்று. அவ்வளவுதான். எல்லைக்குக் கீழே எத்தனை நாள் ஓட்டினாலும் எஞ்சின் அன்று வார்த்தது போல இருக்கும். எல்லையைத் தாண்டினால் நேர்கோட்டில் கணக்கு.

2005இல் வந்த ஆர்ஃபேக்டர் வேறு வழியில் யோசித்தது. அதன் எஞ்சின் கோப்பில் ஆயுள் என்றே வரிகள் இருக்கின்றன. ஓர் அடிப்படைச் சுற்று வேகம், அதற்கு மேல் எத்தனை சுற்று கூடினால் ஆயுள் பாதியாகும் என்று ஒரு படி. எண்ணெய்ச் சூட்டுக்கும் அதே மாதிரி இன்னொரு ஜோடி. சராசரி ஆயுள் எத்தனை வினாடி. கடைசியாக, அந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு ஏறலாம் இறங்கலாம் என்று ஒரு எண். இந்தக் கடைசி வரி எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே மாதிரி ஓட்டினாலும் ஒரு நாள் எஞ்சின் முடிவுவரை வரும், இன்னொரு நாள் நடுவழியில் விட்டுவிடும். வேறு யாராவது இதை எழுதியிருந்தால் சோம்பேறித்தனம் என்று சொல்லியிருப்பேன். பட்டறையில் நின்றவர்களுக்கு இது உண்மை என்று தெரியும். ஒரே நாளில் ஒரே அச்சில் வார்த்த இரண்டு பிளாக் ஒரே நாளில் சாவதில்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். இரண்டுமே கார் விளையாட்டுகள், புல்லட்டுக்கு அங்கே இடமில்லை. ஆனால் கணக்கு அதைக் கேட்காது. ஆர்ஃபேக்டர் முறையில் அடிப்படை 5,250, படி 350 சுற்று, அந்த வேகத்தில் ஆயுள் பத்து மணிநேரம் என்று நானாக வைத்துக்கொள்கிறேன். 5,600இல் ஐந்து மணி. 5,950இல் இரண்டரை. 7,000 என்பது ஐந்தாவது படி, அங்கே ஆயுள் முப்பத்திரண்டில் ஒரு பங்கு, 1,125 வினாடி. கியரைத் தப்பாகப் போட்டு ஒரே ஒரு வினாடி 7,000இல் நின்றீர்களானால் ஆயுளில் 1,125இல் ஒரு பங்கு போகும். ஒன்றுமே தெரியாது. அதே பிழை அசெட்டோ கோர்சா முறையில்: எல்லை 5,500, தாண்டிய ஒவ்வொரு சுற்றுக்கும் வினாடிக்கு ஒரு புள்ளி என்று வைத்தால், 1,500 சுற்று மீறல் ஆயிரம் புள்ளி உயிரை முக்கால் வினாடிக்குள் முடித்துவிடும்.

இரண்டில் எது சரி? இரண்டுமே பாதி சரி. எஞ்சின் இரண்டு விதமாகச் சாகும். நாள்பட்டுத் தேய்ந்து, ரிங் தளர்ந்து, ஆயில் குடித்து, நீலப்புகை தள்ளிச் சாவது ஒன்று. விசை தாங்காமல் ஒடிந்து சாவது மற்றொன்று. ஆர்ஃபேக்டர் முதல் சாவை அறிந்தது, அசெட்டோ கோர்சா இரண்டாவதை. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது ஒன்று இருக்கிறது. அது இரண்டு கோப்பிலும் இல்லை, நானறிந்த எந்தக் கேமிலும் சரியாக இல்லை. இன்று முழுக்க நான் சுற்றிச் சுற்றி வருவது அதற்காகத்தான்.

செவ்வாய்க்கிழமை ஒருவன் வண்டியைத் தப்பாகக் கியரிறக்கி அலறவிடுகிறான். ஒன்றும் ஆகவில்லை. ராடின் போல்ட் மயிரிழை நீண்டிருக்கிறது, அல்லது கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசல் பிறந்திருக்கிறது. அவன் வண்டியை விற்றுவிடுகிறான். ஆறு மாதம் கழித்து, வாங்கியவன் எண்ணூர் சாலையில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ராடு ஒடிந்து கிராங்க் கேஸை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. உலோகம் சோர்ந்துபோவது இப்படித்தான். பிழை ஒருவனுடையது, நேரம் வேறு, இடம் வேறு. போர்ஷே கம்பெனி இதை நன்றாகப் புரிந்துகொண்டது. அதன் பல மாடல்களில் எஞ்சின் கணினி, எந்தெந்த வேக எல்லைகள் எத்தனை முறை மீறப்பட்டன, கடைசி மீறல் எஞ்சின் ஓடிய எத்தனையாவது மணிநேரத்தில் நடந்தது என்று குறித்து வைக்கும். பழைய வண்டி வாங்குபவர்கள் பெயின்டைப் பார்ப்பதற்கு முன் அந்தப் பதிவைக் கேட்பார்கள். இங்கே நமக்கு அந்த வசதியில்லை. தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போய் ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் கேட்கிறோம்.

கேம் தயாரிப்பவர்களுக்கு இது தெரியாமலில்லை. செய்தால் யாரும் நம்ப மாட்டார்கள், அதுதான் சிக்கல். மூன்றாவது சுற்றில் செய்த பிழைக்குப் பத்தொன்பதாவது சுற்றில் நேர்கோட்டில் எஞ்சின் உடைந்தால் ஆடுகிறவன் என்ன சொல்வான்? பழுது என்பான். காசைத் திருப்பிக் கேட்பான். கேமின் நியாயம் வேறு: தப்பு செய்த கையோடு தண்டனை வர வேண்டும், அப்போதுதான் கற்றுக்கொள்ள முடியும். எஞ்சினுக்கு அந்த நியாயம் தெரியாது. உண்மைப் பெயரோடு வரும் கார்கள் நொறுங்குவதையும் உடைவதையும் அவற்றின் கம்பெனிகள் விரும்புவதில்லை என்ற வியாபாரக் காரணமும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பொத்தான் இருக்கிறது: மறுபடியும் தொடங்கு. அதை அழுத்தியதும் எஞ்சினின் ஞாபகம் துடைக்கப்படுகிறது.

ஞாபகத்தைக் கொஞ்சம் கொண்டுவர முயன்ற விளையாட்டுகளும் உண்டு. கிராண்ட் டூரிஸ்மோ வரிசையில் கிலோமீட்டர் ஏற ஏற எண்ணெய் கறுக்கும், சக்தி குறையும். ஆயில் மாற்ற வேண்டும், நிறைய ஓடிய பிறகு எஞ்சினை இறக்கி வேலை பார்க்க வேண்டும். செக் நாட்டு லாரி விளையாட்டான யூரோ டிரக் சிமுலேட்டர் 2இல், ரிப்பேர் செய்தாலும் திரும்பி வராத நிரந்தரத் தேய்மானம் என்றே ஒன்றைப் பின்னாளில் சேர்த்தார்கள். இது எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அங்கேயும் தேய்வது பெரும்பாலும் ஓடிய தூரத்தால். சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட் முன்னால் கன்டெய்னரோடு இரவெல்லாம் வரிசையில் நின்ற டிரைவரிடம் கேட்டால் சிரிப்பார். மீட்டர் இரண்டு கிலோமீட்டர் காட்டும், எஞ்சின் எட்டு மணிநேரம் சும்மா ஓடியிருக்கும். சும்மா ஓடும் டீசல் எஞ்சின் சரியாகச் சூடாகாது, எரியாத டீசல் சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு ஆயிலோடு கலக்கும். வேகமாக ஓட்டினால் மட்டும் தேயும் என்ற நினைப்பு பந்தயக்காரனுடைய நினைப்பு. துறைமுகத்துக்கு லாரி ஓட்டுபவருக்குத் தெரியும், நின்றாலும் தேயும்.

நிஜப் பந்தயத்தில் ஞாபகத்தைச் சட்டமாகவே கொண்டுவந்தார்கள். நம் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணியில் ஓட்டி, ஃபார்முலா ஒன்னில் கால்வைத்த முதல் இந்தியர் ஆனார். அதே ஆண்டில்தான் ஒரே எஞ்சின் இரண்டு பந்தயங்களுக்குத் தாங்க வேண்டும் என்று விதி வந்தது. முன்கூட்டியே மாற்றினால் தொடக்க வரிசையில் பத்து இடம் பின்னால். அதுவரை ஞாயிற்றுக்கிழமை மாலையோடு எஞ்சினின் பாவக்கணக்கு முடிந்துவிடும். அந்த ஆண்டிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமையின் முறுக்கலை அடுத்த பந்தயத்துக்கும் சுமந்துபோக வேண்டும். சென்னைக்காரரான கருண் சந்தோக் 2010இல் வந்தபோது சுற்று வேகத்துக்கே 18,000 என்று தடை இருந்தது, ஓர் ஓட்டுநருக்கு ஆண்டு முழுவதற்கும் எட்டு எஞ்சின்தான். எஞ்சினைப் பேணுவது ஓட்டும் திறமையின் ஒரு பகுதியாக மாறிய காலம் அது. பழைய சோழவரத்து ஆட்களுக்கு இது புதுமையே இல்லை. ஆளுக்கு ஒரு எஞ்சின், அதுவும் திங்கட்கிழமை வேலைக்குப் போகிற வண்டியின் எஞ்சின் என்றால், பேணாமல் எப்படி?

நான் கேம் செய்கிறவனாக இருந்தால் என்ன செய்வேன் என்று கேட்கலாம். முதலில் அந்த சதவீதப் பட்டையை எடுத்துவிடுவேன். "எஞ்சின் 83%" என்று மூலையில் ஒரு எண் காட்டுகிறார்களே, அதைப் போலப் பொய் வேறில்லை. எந்த மெக்கானிக்கும் உங்கள் எஞ்சின் 83 சதவீதம் என்று சொன்னதில்லை. "டேப்பெட் கொஞ்சம் அடிக்குது, பார்த்துக்க" என்பார். "இந்த சத்தம் ராடு சத்தம் மாதிரி இருக்கு, நிறுத்திடு" என்பார். எண் காட்டினால் ஆடுகிறவன் கணக்கு போடுவான், இன்னும் பதினைந்து சதவீதம் எரிக்கலாம் என்று. சந்தேகத்தைக் கொடுத்தால் காதைத் தீட்டுவான். ஹெட்போன் போட்டு ஆடுகிற பிள்ளைகளுக்கு ஒலி எவ்வளவு துல்லியமாகக் கேட்கிறது! டயர் வழுக்கும் ஓசையை வைத்தே பிடிமானத்தைச் சொல்லும் பையன்கள் இங்கே இருக்கிறார்கள். பெரிய முனை பேரிங் தேய்ந்தால் வரும் அந்த ஆழமான தட்டல், அழுத்தமாக முறுக்கும்போது கேட்டு, விட்டதும் மாறும் அந்த ஓசை, ஏன் கேமில் வரக்கூடாது?

இரண்டாவது, தாமதம். பிழைக்கும் உடைவுக்கும் நடுவே காலம் விட வேண்டும். பழுது என்று சொல்வார்களே என்ற பயத்துக்கு மாற்று உண்டு: பந்தயம் முடிந்த பிறகு எஞ்சினைப் பிரித்துக் காட்டுங்கள். பட்டறை மேசையில் ராடை வைத்து, உடைந்த முகத்தைக் காட்டுங்கள். சோர்ந்து உடைந்த உலோகத்தில் விரிசல் மெல்ல மெல்ல நகர்ந்த வரிகள் கடற்கரை மணலில் அலை விட்டுப்போன கோடுகள் போல இருக்கும், கடைசியில் சட்டென்று முறிந்த பகுதி மட்டும் சொரசொரப்பாக இருக்கும். மூன்றாவது சுற்றில் நீ செய்தது இங்கே தொடங்கியது என்று ஒரு அம்புக்குறி போதும். விளையாடியவன் அடுத்த முறை அந்த வளைவில் கிளட்சை அவசரமாக விட மாட்டான். இது பந்தய நேரத்தில் ஒரு நிமிடம்கூடத் தின்னாது.

எதிர்த்தரப்பையும் சொல்லிவிடுகிறேன். நண்பர் ஒருவர் கேட்டார்: வீட்டிலும் வேலையிலும் எல்லாவற்றுக்கும் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறோம், விளையாடுகிற இடத்திலாவது எஞ்சின் உடையாமல் இருக்கட்டுமே என்று. நியாயமான பேச்சு. அவருக்காக ரோட் ராஷ் இருக்கிறது, நானும் அதை வெறுக்கவில்லை. நிஜம் என்று விலைப்பட்டியலில் எழுதி விற்பவர்களிடம்தான் என் வழக்கு. வளைவின் தார் மேடு பள்ளத்தை லேசரால் அளந்து வைக்கிறார்கள், டயர் ரப்பரின் சூட்டைப் பல அடுக்காகக் கணக்கிடுகிறார்கள். எஞ்சினுக்கு வந்ததும் இரண்டு எண் போதும் என்று விட்டுவிடுகிறார்கள்.

இங்கே நிரல் எழுதத் தெரிந்த மாணவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் தெருவிலேயே ஐம்பது வருஷம் எஞ்சினைக் காதால் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். ஒரு மைக்கைத் தூக்கிக்கொண்டு அவர்களிடம் போங்கள். டேப்பெட் அடிக்கும் வண்டி, டைமிங் செயின் தளர்ந்த வண்டி, பிஸ்டன் தட்டும் வண்டி, ராடு போகப்போகிற வண்டி, ஒவ்வொன்றையும் பதிவு செய்து, எது எதுவென்று அவர் வாயாலேயே சொல்லவைத்து வாங்குங்கள். வார்ப்பிரும்பு புல்லட் இன்னும் எத்தனை நாள் பட்டறைக்கு வரும் என்று தெரியாது. பிறகு அந்த ஆயுள் வரிகளைப் போல நீங்களே ஒன்று எழுதுங்கள். அடிப்படைச் சுற்று, பாதியாகும் படி, எண்ணெய்ச் சூடு, சராசரி, ஏற்ற இறக்கம், எல்லாம் இருக்கட்டும். அவற்றோடு எண்ணெய் அளவு என்று இன்னொரு வரி சேருங்கள். ஆர்ஃபேக்டர்காரர்கள் எண்ணெயின் சூட்டை யோசித்தார்கள், எண்ணெய் இருக்கிறதா என்று யோசிக்கவில்லை. புல்லட் வைத்திருக்கும் எவரும் முதலில் பார்ப்பது அதைத்தான்.